தைத்து மூடிய கை

சலூன்காரி ஆ லிங் என் தலைக்குச் சாயத்தைப் பூசி முடித்து, மேலே பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். முப்பத்தைந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். கை துணிக்கு வெளியே வந்தால் திட்டுவாள், போன முறை கன்னத்தைச் சொறிந்துவிட்டு ஒரு வாரம் கறுத்த கன்னத்தோடு ஈப்போ முழுக்கத் திரிந்தேன். எதிரே கண்ணாடி. கண்ணாடியில் ஐம்பத்தாறு வயது இந்திராணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, தலையில் மழைக்கு மூடி வைத்த மிதிவண்டி இருக்கை மாதிரி ஒரு தொப்பி. இந்த முகத்தை இன்னும் முப்பத்தைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே போதுமான தண்டனை. அதற்கு மேல் கண்ணாடிக்குக் கீழே பலகையில் கிடக்கிற கைப்பேசி. சாயம் பூச ஆரம்பிப்பதற்கு முன்பு சென்னையிலிருந்து அந்தப் பெண் நிறைமதி அனுப்பியதைப் படித்துத் தொலைத்திருக்கக் கூடாது. பதிப்பகத்தில் என் சீன நாவல் மொழிபெயர்ப்பைச் செம்மை பார்க்கிறவள், இருபத்தாறு வயது இருக்கும், எறும்பு போகிற தடத்தைக்கூட விடமாட்டாள். 'மேடம், ஒரே ஒரு சந்தேகம். மூன்றாம் அத்தியாயத்தில் சூயிங்கின் அம்மாவும் வென்லாங்கின் அம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கை, ஒரே போர்வையில் தூங்கி வளர்ந்தவர்கள் என்று வருகிறது. ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து சூயிங்கை மாமன் மகள் என்கிறீர்கள். அவளும் அவனை அத்தான் என்றே கூப்பிடுகிறாள், மொத்தம் இருபத்து மூன்று இடம். அம்மாவின் தங்கை மகள் எப்படி மாமன் மகள் ஆவாள்? எது சரி மேடம்? ஒரு மணி நேரத்தில் அச்சுக்குப் போகிறது.' எது சரியாம். சீனத்தில் இருப்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தாயின் தங்கை மகள். மூன்றாம் அத்தியாயம் சரி, மற்றதெல்லாம் தப்பு. எனக்குப் புரியாதது வேறு. இதை எப்போது மாற்றினேன்? மாற்றிய நினைவே இல்லை. அதுதான் விசித்திரமாக இருக்கிறது.

நான் தப்பு விடுகிறவள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். முப்பது வருஷம் சீனப் பள்ளியில் வேலை பார்த்தவள், சீனப் பிள்ளைகளின் கட்டுரையில் ஒரு கோடு குறைந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டவள். அந்த மொழி எனக்கு வந்ததே ரயில்வே கேட் ஒன்றினால்தான். அப்பா கேட் பார்த்தவர், தண்டவாளத்தைத் தாண்டாமல் போய்வரக்கூடிய பள்ளி அந்தப் பக்கத்தில் சீனப் பள்ளி ஒன்றுதான், பிள்ளை ரயிலில் அடிபடாமல் படித்தால் போதும் என்று சேர்த்துவிட்டார். அப்படிச் சேர்ந்தவள்தான் இன்று முன்னூறு வருஷத்துப் பழைய நாவலைத் தமிழில் போடுகிறேன், நாலு வருஷம் ஆயிற்று, நாற்பது அத்தியாயம், எழுதியவன் பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டான். அதில் சோயாப் பால் கட்டிக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன். மூங்கில் கட்டிலுக்கு அடிக்குறிப்பு. அத்தனைக்கும் விளக்கம் கொடுத்த கை இதற்கு மட்டும் மூச்சு விடவில்லை. வாசகர்களுக்காக மாற்றினேன் என்று நிறைமதியிடம் சொல்லலாம், நம்புவாள், நியாயமாகவும் இருக்கும். நம் ஆட்களுக்கு மாமன் மகளும் அத்தை மகளும் கட்டிக்கொள்கிற முறை. சின்னம்மா மகன், பெரியம்மா மகன் என்றால் அண்ணன், தம்பி, அதற்கு மேல் பேச்சே இல்லை, நினைத்தாலே நாக்கு கூசும். சீனர்களின் பழைய வழக்கத்தில் கட்டிக்கொள்ளக் கூடாதவர்கள் ஒரே குலப்பெயர் உள்ள அப்பா வழிப் பங்காளிப் பிள்ளைகள்தான். மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை, சின்னம்மா பிள்ளை எல்லாரும் ஒரே கூடை, மூத்த ஆணாக இருந்தால் எல்லாரும் பியாவ்கோ, பியாவ்கோவைக் கட்டிக்கொள்ளலாம். அதனால் தமிழ் வாசகர் முகம் சுளிப்பாரே என்று மாற்றினேன். நல்ல பதில். ஆனால் வாசகருக்காக மாற்றியவள் மூன்றாம் அத்தியாயத்தையும் மாற்றியிருப்பாள் இல்லையா, முன்னுரையில் ஒரு வரி சொல்லியிருப்பாள் இல்லையா. நான் சொல்லவில்லை. வாசகருக்குத் தெரியாமல் இல்லை, எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன். என் கையே போய்ச் செய்திருக்கிறது.

கை என்றதும் அந்தப் பதினோராம் அத்தியாயம் வந்து நிற்கிறது. ஆற்றங்கரை ஊரில் ஒரு மருந்துக் கடை வீடு. வென்லாங் அந்த வீட்டு மகன். முன்னூறு வேர்களை மோந்து பார்த்தே பேர் சொல்வான், தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. சூயிங் அம்மா செத்த பிறகு அந்த வீட்டுக்கு வந்து வளர்கிறவள், சின்னத் தராசில் மருந்து நிறுத்துக் கொடுப்பாள், இருபது வயது. அவனுக்குச் சால்ட் வியாபாரி வீட்டில், சே, உப்பு வியாபாரி வீட்டில் பெண் பார்த்தாகிவிட்டது. அவன் கல்யாணப் பட்டு அங்கியின் கை ஓரத்தை மடித்துத் தைக்கிற வேலை சூயிங்குக்கு. மழை பெய்கிறது. தைக்கிறாள். நூலைக் கடித்து முடிச்சுப் போட்டு அங்கியை உதறிப் பார்க்கிறாள். இடது கை திறக்கவில்லை. ஓரத்தை மடித்துத் தைப்பதற்குப் பதிலாக இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள், கை நுழைய வழியே இல்லாமல், அழகான சின்னச் சின்னத் தையல். எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தொன்று. அவ்வளவுதான் எழுதியிருக்கிறான் அந்த ஆள். அழுதாள் என்று இல்லை, தன் மனதை அறிந்தாள் என்று இல்லை. எண்ணினாள், கத்தரிக்கோல் நுனியால் நாற்பத்தொன்றையும் பிரித்தாள், சூடு காட்டித் தேய்த்தாள், மடித்துக் கொடுத்தாள். அந்தப் பழைய கதைக்காரர்கள் இப்படித்தான், மனதுக்குள் எட்டிப் பார்க்கவே மாட்டார்கள், ஆள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் காலத்துக் கதைகளில் ஒருத்தி பெரியவளாக வேண்டுமென்றால் வீட்டை விட்டு ஓட வேண்டும், ரயில் ஏற வேண்டும். அங்கே முப்பது சொந்தக்காரர்கள் நடமாடுகிற வீட்டுக்குள்ளேயே, ஒரு மழை மத்தியானத்தில், ஒரு துணியை உதறுகிற நேரத்தில் பெரியவளாகிவிடுகிறாள். இதோ நான் இங்கே உட்கார்ந்து மனதுக்குள் பேசிப் பேசி ஓய்கிறேன். அவனானால் 'அவள் கறுப்புத் துணிக்குள் கைகளைக் கோத்துக்கொண்டாள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

ஆமாம், கோத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வியர்க்கிறது. தொப்பிக்குள் தலை அரிக்கிறது. நான் இப்போது எங்கே போகாமல் இருக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது, நாக்கு சொத்தைப் பல்லைச் சுற்றிச் சுற்றி வருமே, அந்த மாதிரி. சரி, போவோம். பயிற்சிக் கல்லூரி வாசல். எனக்கும் இருபது வயது. பள்ளியிலிருந்து கூடவே வந்த மெய் யின் பக்கத்தில் நிற்கிறாள். சனிக்கிழமை மத்தியானம், வாசலுக்கு எதிரே மோட்டார் சைக்கிளில் தனபாலன் அண்ணன், கையில் எனக்கென்று இன்னொரு தலைக்கவசம். சின்னம்மா மகன். என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை மகன், கரண்ட் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர், என்னை விட இரண்டு வயது மூத்தவர், வாரா வாரம் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போக வருவார். யார் அது என்று மெய் யின் சீனத்தில் கேட்டாள். நானும் சீனத்தில், என் பியாவ்கோ என்றேன். அந்த மொழியில் வேறு எப்படிச் சொல்ல முடியும், அதுதான் வார்த்தை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புருவம் ஏறிற்று, உதட்டைக் கடித்தாள், முழங்கையால் என் விலாவில் ஒரு இடி. "பியாவ்கோவா! சொல்லவே இல்லையே!" அவள் பார்த்த நாடகங்களிலும் படித்த பழங்கதைகளிலும் பியாவ்கோ என்றால் முடிவு தெரிந்த கதை. ச்சீ, எங்களுக்கு அப்படி இல்லை, எங்களுக்கு அவர் அண்ணன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். வாயில் எல்லாம் தயாராக இருந்தது. சொல்லவில்லை. சிரித்தேன். தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன், கையைப் பின்பக்கக் கம்பியில்தான் பிடித்தேன், எப்போதும் போலத்தான்.

அந்தச் சிரிப்பு இரண்டு வருஷம் ஓடியது. விடுதியில் சீனத் தோழிகள் ஆறு பேர், சனிக்கிழமை வந்தால் ஜன்னலில் நின்று 'பியாவ்கோ வந்தாச்சு' என்று கூவுவார்கள். நான் விரட்டுவேன், விரட்டுகிற விதத்திலேயே இன்னொரு தரம் கூவச் சொல்வேன். கீழே இறங்கி வாசலைத் தாண்டினால் "அண்ணே, ரொம்ப நேரமாச்சா?" என்பேன். மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி, நடுவில் பதினெட்டுப் படிகள். நான் ஒன்றும் செய்யவில்லை. அவரும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வார்த்தை, ஒரு பார்வை, கடிதம், எதுவும் கிடையாது, யாரும் எங்களைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது "பிடிச்சுக்க இந்திரா" என்பார், கம்பியை இறுக்கிப் பிடிப்பேன். ஆனால் அந்த மொழியில், அந்த ஜன்னலுக்கு உள்ளே, இரண்டு வருஷம் எனக்கு ஒருவர் இருந்தார். இதை இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியமாக நினைத்ததே இல்லை. பாவி, சாயத் தொப்பி போட்டுக்கொண்டா நினைக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் ஒரு சீனப் பாட்டி முடி சுருட்டிக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறாள், கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள், நானும் ஆட்டுகிறேன். எனக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் நாளிதழைக் கீழே வைத்திருப்பாள்.

பிறகு எனக்கு வேலாயுதத்தைப் பேசி முடித்தார்கள். நல்ல மனிதர், குறை சொன்னால் எனக்குத்தான் பாவம். இப்போதும் வீட்டில் கால் மேல் கால் போட்டு டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருப்பார், நான் கறுத்த தலையோடு போனால் பத்து வயசு குறைஞ்சிருச்சே என்பார், வருஷா வருஷம் அதே பத்து வயது. அவரோடு வாழ்ந்தது பொய் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, இன்றும் தோன்றவில்லை. விஷயம் அது இல்லை. விஷயம் கல்யாணப் பத்திரிகை. என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று உறைகளில் விலாசம் எழுதுகிற வேலையை எனக்கே கொடுத்தார்கள். முந்நூற்றுப் பத்து உறை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன், கெடா மாநிலத்தில் இருக்கிற முகம் தெரியாத மாமாவுக்குக்கூட எழுதினேன். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தனபாலன் அண்ணன் வந்து வாசலில் நின்று, "ஊரெல்லாம் கூப்பிட்டிருக்காங்க, எங்க வீட்டுக்கு மட்டும் பத்திரிகை வரலயே" என்றார், சிரித்துக்கொண்டேதான். வீடே சிரித்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற சொந்தச் சின்னம்மா வீட்டை விட்டிருக்கிறேன். கலியாண மயக்கம் என்று அம்மா சொன்னாள். நானும் சிரித்தேன். கலியாண மயக்கம் என்றே முப்பத்து மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், நாற்பத்தொரு தையலை நாலு வருஷமாகத் தமிழில் எழுதி எழுதித் திருத்தும்போதுகூட அந்த உறை என் ஞாபகத்துக்கு வரவில்லை. எவ்வளவு பெரிய மொழிபெயர்ப்பாளர்.

எனக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. அதனால் மணமேடையில் பெண்ணின் கையில் பொரி போடுகிற அண்ணன் இடத்தில் அவர்தான் நின்றார். ஐயர் சொல்லச் சொல்ல என் குவிந்த கையில் பொரியைக் கொட்ட வேண்டும், நான் அதை நெருப்பில் போட வேண்டும். மூன்று தரம். நான் பொரியைத்தான் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. பாதி பொரி கையில் விழுந்தது, பாதி என் கூறைப் புடவை மேல், பாயில், ஐயர் மடியில். "என்னாப்பா, கண்ணு தெரியலயா?" என்று யாரோ கத்த, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவர் கை ஆடியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்கு வேறு ஆளாக இருந்திருப்பேனா? தெரியாது. அந்தக் காலத்துக் கதைகளிலும் இப்படி ஒன்று வரும், விளங்காமலே போய்விடும். பதினாலாம் அத்தியாயத்தில் வென்லாங்கின் கல்யாண விருந்து, அதில் ஒரு வரி. 'விருந்து முடியும்வரை மாப்பிள்ளையின் வலது கைக் கட்டைவிரல் அங்கியின் இடது கை ஓரத்தை வருடிக்கொண்டே இருந்தது.' எதற்கு இந்த வரி என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். முந்தி பிந்தி ஒன்றும் இல்லை. மூன்று சீன நண்பர்களைக் கேட்டேன், தெரியாது என்றார்கள். கடைசியில் நானாகவே ஓர் அடிக்குறிப்பு அடித்துவிட்டேன், 'மணமகன் பணிவைக் காட்டும் பழங்கால மரியாதை' என்று. முழுப் புளுகு. நிறைமதி அதைப் பிடிக்கவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்.

கைப்பேசி ஒளிர்கிறது. 'மேடம்?' என்று மட்டும். முப்பத்தைந்தில் பதினைந்து போயிருக்கும். யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அக்கா தங்கை என்பதை அக்கா தம்பி என்று மாற்றிவிட்டால் போதும். தம்பி மகள், மாமன் மகள், அத்தான், எல்லாம் சுத்தமாகிவிடும். அந்த ஒரே போர்வையை மட்டும் எடுத்துவிட வேண்டும். எழுதியவன் செத்து மண்ணாகி முன்னூறு வருஷம், வந்து கேட்கப் போகிறானா. இல்லை, சரியாகவே போடுவோம் என்றால்? அடுத்த மாதம் கோலாலம்பூரில் வெளியீடு. அட்டையில் என் பெயர். முதல் பிரதி வாங்குகிறவர் யார் என்று பதிப்பகம் கேட்டபோது தனபாலன் அண்ணன் என்றேன், குடும்பத்தில் தமிழ்ப் புத்தகம் வாங்கிப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான், அதனால்தான் சொன்னேன், அதனால்தானா. அவர் வீட்டுக்குப் போய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிப்பார். ஐந்தாம் அத்தியாயம் வரும். பெரியம்மா மகன் மேல் ஆசை வைத்த ஒரு பெண் வருவாள், அவனை அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே. எழுதியவள் இந்திராணி. அவர் மனைவி சாவித்திரி அண்ணியும் படிப்பாள். ஐம்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் பயப்படுவார்களா என்றால் பயப்படுகிறேன். பயத்தை விட இன்னொன்று இருக்கிறது, அவர் படித்துவிட்டு என்ன நினைப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த வயதில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது. அக்கா தம்பி என்று போடு இந்திராணி, போட்டுவிட்டு வீட்டுக்குப் போ.

"ஆ லிங், அந்தப் போனைக் கொஞ்சம் எடுத்துக் கொடு" என்று சீனத்தில் சொன்னேன். "கையை வெளியே எடுக்காதே டீச்சர்! எழுதணுமா? நீ சொல்லு, நான் அடிக்கிறேன்." "தமிழில் அடிக்க உனக்குத் தெரியுமா?" "தெரியாது. அப்ப பேசாம இரு." அவள் சொல்லி முடிக்கும் முன்பே கைப்பேசி அடித்தது. திரையில் அவர் பெயர்தான், தனபாலன் அண்ணன். இதையெல்லாம் கதையில் எழுதினால் நானே சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன், ஆனால் அவர் சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறவர்தான், அது எனக்கு மறந்துவிட்டிருந்தது. என் காதில் சாயம். ஆ லிங் ஒலிபெருக்கியைப் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"இந்திரா, எங்க இருக்க? வீட்டுக்கு அடிச்சேன், வேலு எடுக்க மாட்டறாரு."

"சலூன்ல இருக்கேன் அண்ணே. அவரு பந்து பாக்கறாரு, வீடு எரிஞ்சாலும் எடுக்க மாட்டாரு."

"சரி, வெளியீட்டுக்கு வேன் சொல்லிட்டேன். பதினாலு பேரு. இன்னொன்னு, மொதப் பிரதி வாங்கறவன் மேடையில ரெண்டு வார்த்த பேசணுமாம்ல? எனக்கு ஒதறுது. கதைய கொஞ்சம் சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

கண்ணாடியில் ஆ லிங் கொட்டாவி விட்டாள். இந்தக் கடையில் தமிழ் தெரிந்த ஒரு உயிர் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்குத் தெரியாத மொழியில் சிரித்தேன், இன்றைக்குக் கடைக்குத் தெரியாத மொழியில் வாயைத் திறக்கிறேன். மருந்துக் கடை வீட்டைச் சொன்னேன். வேர் மோந்து பார்க்கிற பையனைச் சொன்னேன். அம்மா இல்லாமல் அங்கே வந்து வளர்கிற பெண்ணைச் சொன்னேன். அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம், அவன் அங்கிக்கு இவள் கை ஓரம் தைக்கிறாள், தைத்து முடித்துப் பார்த்தால் கையை மூடித் தைத்திருக்கிறாள், தனக்கே தெரியாமல். பிறகு எந்தத் தமிழனும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"அவன் அவளுக்கு என்னா மொற?"

அத்தை மகன் என்பதற்கு வாயைத் திறந்தேன். அப்படித்தான் திறந்தேன், எனக்கு நன்றாகத் தெரியும்.

"பெரியம்மா மகன் அண்ணே. அக்கா தங்கச்சி பிள்ளைங்க."

"அப்ப அண்ணன்ல?"

"நமக்கு அண்ணன். அங்க கட்டிக்கலாம்."

"ம்." எங்கோ அவர் பக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "கட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல. அவ தையல் எல்லாத்தயும் பிரிச்சு, தேச்சு, மடிச்சுக் குடுத்துட்டா. யாருக்கும் தெரியாது."

"அவனுக்கு?"

"கதையில சொல்லலண்ணே."

லைன் அறுந்துவிட்டது என்று ஆ லிங் திரையைத் திருப்பிப் பார்த்தாள், இல்லை, நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "எங்கம்மா அம்பது வருசம் தச்சவங்க, இந்திரா. பட்டு துணியில தப்பா தச்சிட்டாங்கன்னா தலயில கைய வச்சு ஒக்காந்துருவாங்க. நூல பிரிக்கலாம், ஊசி எறங்குன ஓட்ட போவாது, எவ்வளோ தேச்சாலும் போவாது. கண்ணுக்குத் தெரியாது, தடவுனா தெரியும். அங்கிய போட்டவனுக்குத் தெரிஞ்சிருக்கும் இந்திரா. அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"நான் மேடையில இதெல்லாம் பேச மாட்டேன், வாழ்த்துன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிருவேன்" என்றார், சிரிக்கப் பார்த்தார். "ஆனா நீ இருக்கறபடியே போடு, என்னா? மாத்தாத." வைத்துவிட்டார். மாற்றியதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

ஆ லிங் கைப்பேசியைப் பலகையில் வைத்துவிட்டு என்னைக் குனிந்து பார்த்தாள். "சாயம் கண்ணில பட்டிருச்சா டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன். காகிதத்தால் துடைத்துவிட்டாள். நேரம் ஆகிவிட்டது என்று எழுப்பி, பின்பக்கத் தொட்டியில் தலையைச் சாய்க்கச் சொன்னாள், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டாள். கண்ணை மூடினால் மருந்துக் கடை வீட்டு விருந்து. விளக்குகள், சிவப்புத் துணிகள், உப்பு வியாபாரி வீட்டார் வரிசையாக. நடுவில் மாப்பிள்ளை எல்லாருக்கும் தலையாட்டுகிறான், வலது கைக் கட்டைவிரல் மட்டும் இடது கை ஓரத்தை விட்டு நகரவில்லை. மூன்று அத்தியாயத்துக்கு முன்னால் பிரித்த தையல். நாற்பத்தொரு ஓட்டை. அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். முன்னூறு வருஷத்துக்கு முன்பு பேர் சொல்லாமல் போன அந்த ஆள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான், நான்தான் மரியாதை, மண்ணாங்கட்டி என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர் காதுக்குள் போயிற்று, சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது, தலை நனைந்து கிடக்கும்போது அதில் ஒரு வசதி இருக்கிறது. பாதி பொரி ஐயர் மடியில். கண்ணு தெரியலயா என்று கத்தினார்களே. பத்திரிகை வராத அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

துண்டைத் தலையில் சுற்றியதும் முதல் வேலையாகக் கைப்பேசியை எடுத்தேன். ஈரக் கையால் அடித்தேன். 'நிறைமதி, மூன்றாம் அத்தியாயம்தான் சரி. சூயிங் அவனுடைய சித்தி மகள். நான்தான் மாற்றினேன், தப்பு. இருபத்து மூன்று இடத்திலும் அத்தானை எடுத்துவிட்டு அண்ணா என்று போடு, ஒன்றுகூட விடாதே. பதினாலாம் அத்தியாயத்தில் அங்கி ஓரத்துக்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கும், அதையும் எடுத்துவிடு.' உடனே பதில் வந்தது, இந்தப் பெண் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'சரி மேடம். ஆனால் அண்ணா என்று வந்தால் வாசகர்களுக்கு ஒரு மாதிரி இருக்குமே? அவர்கள் வழக்கப்படி கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பாவது போட்டுவிடலாமா? அங்கி ஓரத்துக்கும் வேறு விளக்கம் வேண்டாமா?'

ஆ லிங் துண்டை அவிழ்த்தாள். கண்ணாடியில் கறுத்த தலையோடு ஒருத்தி. காதோரத்தில் கொஞ்சம் கறை ஒட்டியிருந்தது, நாலைந்து நாள் போகாது என்றாள்.

'வேண்டாம்,' என்று அடித்தேன். 'தடவிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.'